மின்தேக்கியின் உள்ளே ஒளிந்திருக்கும் தடை

திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தரும் பொருட்டு 1933 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட அருவிக்கரை நீர்நிலையம், சஹ்ய மலையில் பிறந்து வரும் கரமனையாற்றின் குறுக்கே அமைந்திருக்கிறது; அங்கே மதகைத் தாண்டிய வெள்ளம் பல மைல் வளைந்து ஓடிய பின்னரே கரமனைப் பாலத்தின் அடியில் வந்து சேர்கிறது. இப்பாலத்தடியில் ஆற்றின் மட்டம் எப்போதும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்ற கட்டளையோடு ஒருவரை மதகடியில் நிறுத்தியிருப்பதாகக் கற்பனை செய்வோம். மட்டம் ஒரு விரற்கடை தாழ்ந்தது என்ற செய்தி கிடைத்தவுடன் அவர் மதகைச் சற்றே உயர்த்துகிறார். அந்த நீர் வழியில் இருக்கும்போதே, இன்னும் தாழ்ந்துதான் கிடக்கிறது என்ற அடுத்த செய்தி வந்துவிடுவதால் மேலும் உயர்த்துகிறார். விடுவித்த நீரெல்லாம் ஒன்றாகத் திரண்டு கீழே வந்து சேரும்போது மட்டம் வேண்டியதற்கு மேல் ஏறிவிடுகிறது. பதறிப்போய் மதகை இறக்குகிறார். அந்த இறக்கமும் காலங்கடந்தே கீழே தெரிவதால் இப்போது ஆறு வற்றுகிறது. கடமை தவறாத, கண்ணும் கருத்துமான அந்த மனிதரே, மட்டத்தைக் காக்கும் முயற்சியினாலேயே ஆற்றை ஓயாமல் ஏறி இறங்கச் செய்பவராகிவிடுகிறார். அவருடைய ஊக்கம் மிகுந்தால் அலைவும் மிகும்.

வானொலிப் பெட்டியிலும், கைக்கு அடக்கமான கணிப்பானிலும், நோயாளியின் நாடித்துடிப்பை அளக்கும் கருவியிலும் இதே வேலையைச் செய்வதற்கு மின்னழுத்தச் சீராக்கி என்ற சிறு உபகரணம் ஒன்று இருக்கிறது. கடைத்தெருவில் அதை ரெகுலேட்டர் என்றே கேட்டு வாங்குகிறார்கள். மூன்றே கால்கள் கொண்ட அந்தக் கறுப்புச் சில்லின் ஒரு காலில் ஒன்பது வோல்ட்டோ பன்னிரண்டு வோல்ட்டோ ஏறியிறங்கி வந்தாலும், மறு காலில் ஐந்து வோல்ட் என்றால் ஐந்து வோல்ட்டாகவே வெளிவருகிறது. உள்ளே மாறாத ஓர் ஆதார மின்னழுத்தம் உண்டு. வெளிவரும் அழுத்தத்தின் ஒரு பங்கை அதனோடு ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் பெருக்கி ஒன்று உண்டு. அப்பெருக்கி காணும் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு. பெருக்கிதான் காவலர், டிரான்சிஸ்டர் மதகு, நாம் மின்சாரம் கொடுக்க விரும்பும் சுற்று, நொடிக்கு நொடி வெவ்வேறு அளவில் இறைத்துக்கொள்ளும் குடியானவன். வெளிவாயிலில் நாம் இணைக்கும் மின்தேக்கியோ பாலத்தடியில் உள்ள மடு.

இவ்வாறு விளைவைப் பார்த்து வினையைத் திருத்திக்கொள்ளும் முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். பெருக்கிகளில் இதை ஒரு கொள்கையாக வகுத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்டு பிளாக், ஆண்டு 1927. அவருடைய பெருக்கிகள் சில சமயம் திருத்திக்கொள்வதற்குப் பதிலாகத் தாமே ஊளையிடத் தொடங்கியபோது, அதன் காரணத்தைக் கணித வாயிலாக நிர்ணயித்துக் கொடுத்தவர் ஹாரி நைக்விஸ்ட், 1932 இல். சாராம்சம் இதுதான்: திருத்தம் என்பது பிழைக்கு நேர் எதிரானது, அதாவது 180 பாகை மாறுபட்டது, சுற்றி வரும் வழியில் தாமதங்கள் சேர்ந்து மேலும் 180 பாகை பின்தங்கச் செய்துவிட்டால், எதிர்ப்பதற்காக அனுப்பிய திருத்தம் பிழையோடு கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும். அந்த அதிர்வெண்ணில் பெருக்கமும் ஒன்றுக்குக் குறையாமல் இருக்குமானால், அலைவு தானாகவே பிறந்து தானாகவே நிலைபெறும். ஆகவே, பெருக்கம் ஒன்றாகத் தேய்கின்ற இடத்தில் அந்த 180 பாகையை எட்டுவதற்கு இன்னும் எவ்வளவு பாகை மீதி இருக்கிறது என்பதே ஒரு சீராக்கியின் ஆரோக்கியத்தை அளக்கும் அளவுகோல் ஆயிற்று. நாற்பத்தைந்து பாகை மீதி இருந்தால் நல்லது. அறுபது இருந்தால் நிம்மதி.

மூன்று கால் சீராக்கியை ஒரே சிலிக்கான் சில்லில் அடக்கிக் காட்டியவர் ராபர்ட் விட்லர் என்ற விசித்திர மேதை. 1970 ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த அவருடைய எல்.எம். 109 இன் வழியில் பிறந்ததுதான் இன்று நம் பாலிடெக்னிக் மாணவர் ஒவ்வொருவரும் முதலில் கையிலெடுக்கும் 7805. இந்தப் பழைய வமிசத்தாரிடம் ஒரு பெரிய சற்குணம் உண்டு. இவற்றில் மதகாக நிற்கும் என்.பி.என். டிரான்சிஸ்டர் தன் எமிட்டரை வெளிவாயிலாகக் கொண்டிருப்பதால், அந்த வாயிலின் எதிர்ப்பு இயல்பாகவே மிகக் குறைவு. எந்த மின்தேக்கியை அங்கே வைத்தாலும், வைக்காமலேயே விட்டாலும், சுற்றின் ஸ்திரத்தன்மை பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. உள்வாயிலில் 0.33, வெளிவாயிலில் 0.1 மைக்ரோஃபாரட் என்று தயாரிப்பாளர் எழுதி வைத்ததை எல்லோரும் ஒரு மந்திரம் போல ஒப்புவித்து வந்தோம். காரணம் கேட்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஆனால் 7805 ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால், உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறக்குறைய இரண்டு வோல்ட் அதிகமாக இருந்தே தீர வேண்டும். குளிர் மிகுந்த காலை வேளையில் மோட்டார் வண்டியைக் கிளப்பும்போது பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஆறு வோல்ட்டுக்குத் தாழ்ந்துவிடுவதுண்டு. அந்தக் க்ஷணத்திலும் வண்டியின் மின்னணுக் கருவி மயங்கி விழக்கூடாது என்பதற்காக 1970களின் பிற்பகுதியில் குறைந்த இழப்புச் சீராக்கிகள் தோன்றின. அவற்றுள் பெயர்பெற்ற எல்.எம். 2940, ஓர் ஆம்பியர் கொடுக்கும்போதும் அரை வோல்ட் இடைவெளியே போதும் என்கிறது. இந்தச் சிக்கனத்துக்காக மதகையே மாற்றினார்கள்: என்.பி.என்.னுக்குப் பதிலாகப் பி.என்.பி.; எமிட்டருக்குப் பதிலாகக் கலெக்டர் வெளிவாயிலாயிற்று. கலெக்டர் வாயிலின் எதிர்ப்பு மிக அதிகம். ஆதலால் வெளியே உள்ள மின்தேக்கியும் சுமையின் தடையும் சேர்ந்து, இதுவரை இல்லாத ஒரு நீண்ட தாமதத்தைச் சுற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. ஐந்து வோல்ட்டில் ஓர் ஆம்பியர் என்றால் சுமை ஐந்து ஓம். 22 மைக்ரோஃபாரட்டோடு அது 1,450 ஹெர்ட்ஸிலேயே பின்தங்கத் தொடங்குகிறது. சுமை ஐந்து மில்லி ஆம்பியராக இளைத்தால் அந்த எல்லை ஏழு ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பெருக்கிக்கு ஏற்கெனவே சொந்தமாக ஒரு தாமதம் உண்டு. ஒவ்வொரு தாமதமும் தொண்ணூறு பாகை வரை பின்னுக்கு இழுக்கக் கூடியது. இரண்டும் சேர்ந்தால் நைக்விஸ்ட் எச்சரித்த 180 பாகையின் விளிம்புக்கே வந்து நிற்கிறோம்.

இந்த விளிம்பிலிருந்து சீராக்கியைக் காப்பாற்றியது, மின்தேக்கி செய்பவர்கள் காலங்காலமாகக் குறை என்று கருதி ஒழிக்கப் பாடுபட்ட ஒரு பொருளே என்பதுதான் இவ்வத்தியாயத்தின் முழு விஷயமும். எந்த மின்தேக்கியும் தூய மின்தேக்கி அன்று. அதன் தகடுகளிலும், கால்களிலும், ஈரமான மின்பகு திரவத்திலும் சிறிதளவு தடை கலந்திருக்கிறது. இதை உள்தடை என்று சொல்வோம். மின்னோட்டம் மாறியவுடன் மின்தேக்கியின் அழுத்தம் உடனே மாறுவதில்லை. மின்னூட்டம் நிரம்பி நிரம்பித்தான் அது ஏற வேண்டும், ஆகவே அது எப்போதும் பிந்திய செய்தி. உள்தடையின் குறுக்கே எழும் அழுத்தமோ மின்னோட்டத்தின் நிழல். ஓட்டம் மாறிய அதே கணத்தில் அதுவும் மாறுகிறது. எனவே வெளிவாயிலைக் கண்காணிக்கும் பெருக்கிக்கு, மடு நிரம்புவதற்கு முன்பே, தான் அனுப்பிய ஓட்டம் வந்து சேர்ந்துவிட்டது என்ற முன்னறிவிப்பு அந்தச் சிறு தடையிலிருந்து கிடைத்துவிடுகிறது. மதகடியில் நிற்பவரிடம், உம்முடைய நீர் வந்துகொண்டிருக்கிறது, பொறும் என்று ஒருவர் சொல்வதற்கு இது சமானம்.

இது எந்த அதிர்வெண்ணிலிருந்து பயன்படத் தொடங்கும் என்பதை எளிய சூத்திரம் ஒன்றால் கணக்கிடலாம்: மின்தேக்குத் திறனையும் உள்தடையையும் பெருக்கி, அதை இரண்டு பையால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் வந்துவிடும். 22 மைக்ரோஃபாரட்டும் அரை ஓமும் என்றால் சுமார் 14,500 ஹெர்ட்ஸ். சீராக்கியின் பெருக்கம் ஒன்றாகத் தேய்வதற்கு முன்பாகவே இந்த அதிர்வெண் வந்துவிடுமாதலால், இழந்த தொண்ணூறு பாகையில் பெரும்பங்கு மீண்டும் கைக்கு வருகிறது. அதே 22 மைக்ரோஃபாரட்டை, ஐந்து மில்லி ஓமே உள்தடையாகக் கொண்ட ஒரு செராமிக் தேக்கியாக மாற்றினாலோ, விடை பதினாலரை லட்சம் ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடுகிறது. சீராக்கியின் கதி தீர்மானமாகிப் பலகாலம் ஆன பிறகு வந்து சேரும் உதவி அது.

உள்தடை அதிகமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாறு இல்லை. உள்தடை மிகுந்தால், உயர்ந்த அதிர்வெண்களில் தேய்ந்து போக வேண்டிய பெருக்கம் தேயாமல் நீண்டுகொண்டே போய், டிரான்சிஸ்டருக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் மற்றச் சிறு தாமதங்களை எழுப்பிவிடுகிறது. மறுபடியும் அதே ஊளை. ஆகவே உள்தடைக்குக் கீழ் எல்லையும் உண்டு, மேல் எல்லையும் உண்டு. எல்.எம். 1117 என்ற, இன்று எங்கும் பரவியிருக்கும் சீராக்கியின் குறிப்பேடு, பத்து மைக்ரோஃபாரட் டாண்டலம் தேக்கியும், 0.3 ஓமிலிருந்து 22 ஓம் வரை உள்தடையும் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது. வாங்குபவர்களில் பலர் அந்த முதல் எண்ணைப் படிக்கிறார்கள். இரண்டாவது வாக்கியத்தைப் படிப்பதில்லை.

தேக்கிகளைத் தேர்ந்தெடுப்பதில் நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்குப் பெரும் சம்பந்தம் இருக்கிறது. கே. பி. பி. நம்பியாரின் தலைமையில் 1973 இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட கெல்ட்ரான், மாநில அரசு ஒன்று நடத்திய முதல் மின்னணுத் தொழில் நிறுவனம் என்ற பெருமைக்கு உரியது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த கண்ணூர்த் தொழிற்சாலையில் அலுமினிய மின்பகு தேக்கிகள் செய்து வருகிறார்கள். அரித்து நுண்துளை படுத்திய அலுமினியத் தாளின்மேல் ஆக்ஸைடு ஏற்றி, திரவத்தில் தோய்ந்த காகிதத்தை இடையிட்டுச் சுருட்டி, சிறு அலுமினியக் குப்பியில் அடைத்த அந்தத் தேக்கி மலிவானது. அதன் உள்தடையும் பழைய குறைந்த இழப்புச் சீராக்கிகளுக்குப் பெரும்பாலும் அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்துவது. ஆனால் உள்ளே இருப்பது ஈரம். குளிர் மிகுந்த லே நகரத்தில் அத்திரவம் தடித்து உள்தடை பல மடங்கு ஏறும். கரமனையில் அந்தக் கவலை இல்லை, இங்கே பகை வெப்பம்தான். மூடிய பெட்டிக்குள், சூடேறிய சீராக்கிக்குப் பக்கத்தில், 65 டிகிரி என்பது அதிசயம் அன்று. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்ற தொழில் விதியின்படி, 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று முத்திரையிட்ட தேக்கி 65 டிகிரியில் 32,000 மணி நேரம், அதாவது ஓயாமல் ஓடினாலும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், தாங்கும். 85 டிகிரிக்கென்று முத்திரையிட்டதோ அதே இடத்தில் 8,000 மணி நேரத்தில், ஓர் ஆண்டு நிரம்புவதற்குள், தளர்ந்துவிடும். விலை வித்தியாசம் சில காசுகளே. திரவம் உலர உலர உள்தடை ஏறுகிறது, தேக்குத் திறன் இறங்குகிறது. ஒரு நாள் மேல் எல்லையைத் தாண்டுகிறது. தலை வீங்கிய கண்டென்சரைக் கண்டவுடன் மாற்றுகிற பழுது பார்ப்பவர், வீங்காமலே உலர்ந்துபோனதையும் சந்தேகிக்க வேண்டும்.

டாண்டலம் தேக்கி உலர்வதில்லை. உள்தடையும் கொஞ்சம் ஸ்திரமாகவே நிற்கும். ஆயினும் மிகைமின்னழுத்தம் பட்டால் தீப்பற்றி எரியும் சுபாவம் அதற்கு உண்டாதலால், குறித்த அழுத்தத்தில் பாதியளவுக்கே அதைப் பயன்படுத்துவது வழக்கமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் அவ்வுலோகத்துக்குப் பெரும் தட்டுப்பாடு நேர்ந்து விலை வானளாவ ஏறியபோது, உலகமெங்கும் வடிவமைப்பாளர்கள் செராமிக்கை நாடினார்கள்.

செராமிக் தேக்கியின் கதை நம் கடற்கரையைத் தொட்டுச் செல்வது. கரமனையிலிருந்து தெற்கே கன்னியாகுமரிச் சாலையில் சென்றால், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த பகுதியில் மணவாளக்குறிச்சி இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, 1909 இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தது இக்கரையின் மணலில்தான். அம்மணலில் மோனசைட்டைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் கிடப்பது கறுத்த இல்மனைட். அதிலிருந்து டைட்டானியம் ஆக்ஸைடை எடுப்பதற்கென்றே 1946 இல் திருவனந்தபுரத்தில் டிரவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அந்த வெள்ளைப் பொடியை நாம் சுவர்ப் பூச்சில்தான் அதிகம் காண்கிறோம். ஆனால் அதே டைட்டானியம் ஆக்ஸைடு பேரியத்தோடு கூடிப் பேரியம் டைட்டனேட்டாகும்போது, வேறெந்தப் பீங்கானிலும் அதுவரை கண்டிராத அதிசயம் ஒன்று நிகழ்கிறது. இந்தியாவிலிருந்து போகும் அபிரகத்தை நம்பித் தேக்கிகள் செய்துவந்த நாடுகள் இரண்டாம் உலகப்போரில் அதற்கு மாற்றுத் தேடியபோது, அமெரிக்கர், ஜப்பானியர், ரஷ்யர் ஆகியோர் ஒருவரையொருவர் அறியாமலே இப்பொருளைக் கண்டறிந்தனர். அபிரகத்தின் மின்காப்பு மாறிலி ஆறோ ஏழோ என்றால், இதன் மாறிலி ஆயிரத்தைத் தாண்டியது. மெல்லிய படலங்களாக நூற்றுக்கணக்கில் அடுக்கிச் சுட்டெடுத்தால், அரிசி மணியளவு இடத்தில் பத்து மைக்ரோஃபாரட் அடங்கிவிடும். 1975 இல் தொடங்கப்பட்டு இன்று தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்கும் ஆய்வகம் கரமனைக்கு அருகே பாப்பனங்கோட்டில் இருக்கிறது. மைக்ரோ அலைக் கருவிகளுக்கான மின்காப்புச் செராமிக்குகளில் அங்கே நடந்த ஆராய்ச்சி உலகறிந்தது.

பேரியம் டைட்டனேட்டின் மகிமையும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. படிகத்துக்குள் டைட்டானியம் அயனி நடு இடத்தை விட்டுச் சற்றே விலகி நின்று, மின்புலம் மாறும்போதெல்லாம் எளிதில் இடம் மாறுவதால்தான் அத்தனை தேக்குத் திறன். நிலையான மின்னழுத்தம் ஒன்றை ஓயாமல் அதன்மேல் ஏற்றி வைத்தால், அயனிகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து அசையும் சுதந்திரத்தை இழந்துவிடுகின்றன, 6.3 வோல்ட் என்று குறித்த சிறிய தேக்கியை ஐந்து வோல்ட்டில் இணைத்தால், பத்து மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்ததில் பாதிகூடக் கையில் நிற்காமற் போகலாம். வெப்பமும் அப்படியே. எக்ஸ்7ஆர் என்ற வகை, மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை பதினைந்து சதவீதத்துக்கு மேல் பிசகாது என்று வாக்களிக்கிறது. ஒய்5வி என்ற மலிவு வகையோ 85 டிகிரிக்குள்ளேயே 82 சதவீதம் வரை இழக்க அனுமதி பெற்றது. சீராக்கியின் வாயிலில் ஒய்5வி வைப்பதற்கு நான் எக்காரணத்தாலும் சம்மதிக்க மாட்டேன்.

இனி, இவையெல்லாம் ஒன்றுகூடும் இடத்தைப் பார்ப்போம். பழைய போர்டு ஒன்றில் எல்.எம். 1117 இன் வாயிலில் இருந்த டாண்டலம் கருகிப்போகிறது. பழுது பார்ப்பவர் அதைவிட உயர்ந்தது, அதைவிடத் தூயது என்ற நல்லெண்ணத்தோடு பத்து மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றை வைத்துப் பற்றவைக்கிறார். மல்டிமீட்டர் 3.3 வோல்ட் என்று சரியாகவே காட்டுகிறது, ஏனெனில் அது சராசரியை மட்டும் அறியும். ஆனால் அந்தப் போர்டு உள்ள அளவுக் கருவி காட்டும் கடைசி இலக்கங்கள் துள்ளுகின்றன; பக்கத்திலிருக்கும் வானொலியில் இரைச்சல் எழுகிறது; சீராக்கி காரணமின்றிச் சுடுகிறது. அலைநோக்கியை வைத்துப் பார்த்தால், ஓய்ந்த கோடாக இருக்க வேண்டிய இடத்தில் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓர் அலை ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். பரிகாரம் எளிது: செராமிக் தேக்கிக்குத் தொடராக அரை ஓம் தடை ஒன்றை வைத்தால், சுமார் 32,000 ஹெர்ட்ஸில் அந்த முன்னறிவிப்பு மீண்டுவிடும். சுமைக்குப் போகும் நிலையான மின்னோட்டம் அத்தடையின் வழியே போவதில்லை. ஆதலால் மின்னழுத்தம் எதுவும் இதனால் குறையாது.

அதே போர்டில் ஒவ்வொரு ஐ.சி.யின் காலடியிலும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்குகள் சிதறிக் கிடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பத்து சேர்ந்தால் ஒரு மைக்ரோஃபாரட். பெரிய தேக்கியின் உள்தடை ஓர் ஓம் என்றால், 1,59,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இவை அந்த உள்தடையைச் சுற்றிக்கொண்டு போய் அதன் உபகாரத்தை அழித்துவிடும். அவற்றைச் சீராக்கியின் வாயிலை ஒட்டிக் குவிக்காமல், தத்தம் ஐ.சி.களின் அருகிலேயே, சில சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துவது உத்தமம்.

செராமிக்கோடு ஒத்துவாழும்படி உள்ளேயே முன்னறிவிப்பைக் கட்டிக்கொண்ட சீராக்கிகள் இப்போது ஏராளமாக வந்துவிட்டன. அவற்றுக்கு உள்தடை தேவையில்லை. ஆனால் ஒரு மைக்ரோஃபாரட் குறையாமல் வேண்டும் என்று சொன்னால், வெப்பமும் அழுத்தமும் தின்றது போக ஒன்று மிஞ்ச வேண்டும் என்று பொருள் கொண்டு, 2.2 வைப்பதே முறை. எந்தச் சீராக்கியாயினும் கணக்கோடு நின்றுவிடாமல் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்: சுமையைப் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்பதுக்குத் திடீரென ஏற்றி இறக்கி, அலைநோக்கியில் வாயிலைப் பாருங்கள். ஒரு தாழ்வு, ஒரு மீள்வு என்று அடங்கினால் அறுபது பாகைக்குக் குறையாத மீதி இருக்கிறது. ஒன்றிரண்டு சிற்றலைகளோடு அடங்கினால் நாற்பத்தைந்து. ஐந்தாறு அலைகள் மெல்ல மெல்லத் தேய்ந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். இதைக் குளிர்ந்த பெட்டியில் ஒரு முறையும், மூடிய பெட்டி 65 டிகிரிக்குச் சூடேறிய பின் ஒரு முறையும், மிகக் குறைந்த சுமையில் தனியாக ஒரு முறையும் செய்ய வேண்டும், பி.என்.பி. வகைச் சீராக்கியில் சுமை மாற மாறத் தாமதத்தின் இடமும் மாறுவதால், முழுச் சுமையில் அடங்கியிருந்தது காத்திருப்பு நிலையில் அலையத் தொடங்குவது உண்டு.